ஜரகண்டி, ஜரகண்டி: லினக்ஸ் ஷெட்யூலரின் கதை

திருமலைக்குப் போய் வந்தவர்களுக்கு சிபியு ஷெட்யூலர் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. சந்நிதி ஒன்று, ஆட்களோ ஆயிரக்கணக்கில். சர்வ தரிசனக்காரர்கள் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் காத்திருக்க, 300 ரூபாய் டிக்கெட் வரிசை தனியாக நகரும். யாரை எப்போது உள்ளே விடுவது, எப்போது "ஜரகண்டி" சொல்லி நகர்த்துவது? கணினிக்குள் புரோகிராம்களுக்கு இதே வேலையைச் செய்வதுதான் ஷெட்யூலர்.

2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6-ல் இருந்தது இங்கோ மோல்னார் எழுதிய ஷெட்யூலர். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் அடுத்த ஆளைச் சட்டென்று எடுத்துவிடும். பெரிய சர்வர்களுக்கு அருமை. ஆனால் எந்தப் புரோகிராம் அவசரம் என்பதை அது ஊகித்துக் கொண்டிருந்தது. ஊகம் தப்பினால், பின்னணியில் ஏதாவது கம்பைல் ஆகும்போது கேட்கிற பாட்டு விக்கும்.

இதைச் சரி செய்யக் கிளம்பியவர் ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து டாக்டரான கான் கோலிவாஸ். தொழில்முறை புரோகிராமர் இல்லை. அவருடைய பேட்சைப் போட்டு, கெர்னலைத் தாங்களே கம்பைல் செய்து, ரீபூட் செய்து பார்த்தவர்கள் பல பேர். 2007 மார்ச்சில் அவர் வெளியிட்ட ஷெட்யூலரின் சாரம் இதுதான்: ஊகம் வேண்டாம், எல்லோருக்கும் நியாயமான பங்கு கொடு.

அடுத்த மாதமே மோல்னார் அதே கொள்கையில் சிஎஃப்எஸ் என்ற புது ஷெட்யூலரை அறிவித்தார். கோலிவாஸின் உழைப்பையும் குறிப்பிட்டிருந்தார். ஆனால் 2007 அக்டோபரில் 2.6.23-க்குள் போனது மோல்னாருடையதுதான். கோலிவாஸ் ஜூலையிலேயே மனம் வெறுத்து விலகிவிட்டார்.

சரி, நியாயம் வந்துவிட்டதா? யாருக்கு நியாயம் என்ற கேள்வி பாக்கி இருந்தது. சித்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் 50 பேர் வருகிறார்கள், தனியாக ஒரு தாத்தாவும் வருகிறார். தலைக்கு ஒரு பங்கு என்றால் பஸ்காரர்களுக்கு 50, தாத்தாவுக்கு 1. ஒரே சர்வரில் ஒருவர் 50 புரோகிராம் ஓட்டினால் மற்றவர் கதியும் அதுதான். இதற்கான விடையில் நம்ம பக்கத்து ஊருக்கும் பங்கு உண்டு. பெங்களூர் ஐபிஎம்மில் இருந்த ஸ்ரீவத்ஸ வட்டகிரி, குழுவுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கும் வசதிக்காக உழைத்தார். 2008 ஜனவரியில் 2.6.24-ல் அது சேர்ந்தது. இன்று கன்டெய்னர்களுக்கு சிபியுவைப் பங்கு போடுவது இந்த அடித்தளத்தின் மேல்தான்.

கோலிவாஸ் சும்மா இருக்கவில்லை. 2009-ல் பிஎஃப்எஸ், 2016-ல் மக்ஸ் என்று வீட்டுக் கணினிகளுக்காகவே எழுதி, 2021-ல் நிறுத்திக் கொண்டார். இரண்டுமே அதிகாரபூர்வ கெர்னலுக்குள் போகவில்லை. 2023-ல் 6.6 பதிப்பில் சிஎஃப்எஸ்ஸின் இடத்துக்கும் வேறொன்று வந்துவிட்டது.

எனக்குப் பெரிதாகப் படுவது 2024 நவம்பரில் வந்த 6.12. வேண்டிய ஷெட்யூலரை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கோலிவாஸ் 2004-லேயே கேட்டார், மறுத்துவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து, கெர்னலை மறுபடி கம்பைல் செய்யாமல், ஓடுகிற கணினியிலேயே ஷெட்யூலரை மாற்றலாம். புதுசு சொதப்பினால் கெர்னல் தானாகவே பழையதுக்குத் திரும்பிவிடும்.

எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே வரிசை இல்லை என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அதை அன்றே சொன்னவர் க்யூவில் நின்று கால் கடுத்த ஒருவர்தான், க்யூவை நடத்தியவர் இல்லை.