நடக்கும் சுறாவும் நிற்காத சுறாவும்

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் இரவு வற்றத்தின்போது பவளத்திட்டின் மேட்டில் ஆங்காங்கே குட்டைகள் தனித்துவிடும். பவளங்களும் பிற உயிர்களும் மூச்சுவிட்டே அந்தக் கொஞ்ச நீரின் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன. கருமுனைச் சுறாவுக்கு அங்கே வேலையில்லை. ஓயாமல் நீந்தினால்தான் அதன் செவுளில் நீர் பாயும். எபாலெட் சுறாவோ அங்கேயே தங்கும். ஒரு மீட்டர் அளவே வளரும் மெல்லிய உடல். மார்புத் துடுப்புக்குப் பின்னால், வெள்ளை விளிம்பிட்ட பெரிய கரும்புள்ளி. மூச்சையும் இதயத் துடிப்பையும் தணித்து, மூளையின் செலவைச் சுருக்கி, ஆக்ஸிஜன் அறவே இல்லாமல் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கும். குட்டை வற்றினால் துடுப்புகளைக் கால்போல ஊன்றி, வெறும் பவளத்தின் மேலேறி அடுத்த குட்டைக்கு நடந்துபோகும்.

உயிரினங்களின் அழிவு ஆபத்தைத் தரப்படுத்தும் ஐயுசிஎன் பட்டியலில் கருமுனைச் சுறா அழிவாய்ப்பு இனம். எபாலெட் தீவாய்ப்புக் கவலை குறைந்த இனம். முதலாவதன் துயரம் தெரிந்ததே. துடுப்புக்காகவும் இறைச்சிக்காகவும் பிடிக்கிறார்கள். அதுவோ ஓர் ஈற்றில் 2 முதல் 5 குட்டிகளே போடும். ஆனால் பிடிப்பதைத் தடுக்கச் சட்டத்தால் முடியும். பிரெஞ்சு பாலினேசியா 2006இல் சுறாப் பிடிப்புக்குத் தடை போட்டது. 2022இல் பனாமாவில் கூடிய மாநாடு, கருமுனைச் சுறாவின் குடும்பம் முழுவதையும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இவற்றை உறுதியாக நடத்தினால் கருமுனைச் சுறா மீளும் என்றே நம்புகிறேன்.

எபாலெட்டுக்குக் கிடைத்த 'கவலை குறைந்த' என்ற சான்றுதான் எனக்குக் கவலை தருகிறது. துடுப்புக்காக அதை யாரும் துரத்துவதில்லை. ஆகவே தடுக்க ஒரு வலையும் இல்லை. அதன் ஆபத்து நீரின் சூட்டில் இருக்கிறது. கருமுனைத் தாய் குட்டிகளை வயிற்றில் சுமந்தபடி குளிர்ந்த நீருக்கு நகரலாம். எபாலெட் தாய் தோல்போன்ற பழுப்பு உறையில் முட்டைகளை இரண்டிரண்டாக இட்டுவிட்டு நீங்கிவிடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், உள்ளே கரு வாலை அசைத்து நீரை ஓடவைப்பது தெரியும். ஏறத்தாழ நான்கு மாதம் அது அங்கிருந்து எங்கும் போக முடியாது.

பாஸ்டனிலுள்ள நியூ இங்கிலாந்து மீன் காட்சியகத்தில் இந்த முட்டைகளை 27, 29, 31 பாகை செல்சியஸில் வளர்த்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின. 27 பாகையில் சுமார் 125 நாள் எடுத்த பொரிப்பு, 31 பாகையில் 100 நாளிலேயே முடிந்தது. குஞ்சுகள் சிறுத்திருந்தன; மஞ்சள் கரு முன்கூட்டியே தீர்ந்துவிட்டதால் வெளியே வந்த கையோடு இரை தேட வேண்டியிருந்தது. அதற்கான தெம்பு அவற்றிடம் இல்லை.