சாட்சியில்லா வீழ்ச்சிகள்: செவ்வாய்த் தரையிறக்கத் தோல்விகளில் தடயத்தின் இடம்

கோள்களை நோக்கிச் சென்ற கலங்களின் தோல்விகளில் அதிகம் பேசப்படுவது மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரின் கதைதான். கலத்தின் சிறு உந்துதல்களைக் கணக்கிட்ட தரை மென்பொருள் பவுண்டு-விநாடியில் விடை தந்தது. வழிகாட்டுக் குழு அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. பிழை 4.45 மடங்கு. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கி.மீ. உயரத்தில் கடந்திருக்க வேண்டிய கலம், ஏறத்தாழ 57 கி.மீ. உயரத்துக்கு இறங்கி வளிமண்டலத்தில் சிக்கி அழிந்தது. வகுப்பறைகளில் இந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதால், இத்தகைய தோல்விகளெல்லாம் யாரோ சிலரின் கவனக்குறைவால் நேர்பவை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அதே கதையில் யாரும் நின்று பார்க்காத ஒரு செய்தி உண்டு. கலம் தொலைந்த ஒரே வாரத்தில் காரணம் வெளியே வந்துவிட்டது. தவறான கோப்புகளும் கலத்தைப் பின்தொடர்ந்த அளவீடுகளும் பூமியிலேயே பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

அந்த வாய்ப்பு எல்லாத் தோல்விகளுக்கும் கிடைப்பதில்லை. ஒரு தோல்வியிலிருந்து என்ன கற்கலாம் என்பது அது நேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கலத்தில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் மேசையில் தீர்மானமாகிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தடயம் விட்டுச் செல்லும் ஏற்பாட்டைக் கலத்தின் உறுப்பாகவே கருத வேண்டும். எடை குறைக்கும்போது முதலில் கழற்றி வைக்கும் பொருளாகக் கருதக் கூடாது.

கிளைமேட் ஆர்பிட்டர் அழிந்து பத்து வாரங்களில் அதன் துணைக்கலமான மார்ஸ் போலார் லேண்டரும் போயிற்று. 1999 டிசம்பர் 3 அன்று செவ்வாயின் தென்துருவப் பகுதியில் இறங்குவதற்காக அது தன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன்பின் எந்தச் சமிக்ஞையும் வரவில்லை. கூடவே சென்ற டீப் ஸ்பேஸ் 2 திட்டத்தின் இரண்டு சிறு ஆய்விகளும் வாய் திறக்கவில்லை. இறங்கும் கட்டத்தில் செய்தி அனுப்பும் வசதியே கலத்தில் வைக்கப்படவில்லை. செலவும் எடையும் கருதி எடுத்த முடிவு அது.

ஜான் கசானி தலைமையிலான குழு 2000 மார்ச்சில் தந்த அறிக்கை, மிகவும் சாத்தியமானது என்று ஒரு காரணத்தைச் சுட்டியது. கலத்துக்கு மூன்று கால்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காந்தமும் ஹால் விளைவு உணரியும் உண்டு. கால் தரையைத் தொட்டு அசைந்தால் உணரி அதை அறிவிக்கும், உந்துபொறிகள் அணைந்துவிடும். ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மடிந்திருந்த கால்கள் விரியும்போது ஏற்படும் உதறலிலும் உணரி ஒரு கணம் ‘தொட்டாயிற்று’ என்று சொல்லக்கூடும். மென்பொருள் அந்தக் கணநேரச் சமிக்ஞையை அழிக்காமல் நினைவில் வைத்துக்கொண்டது. 40 மீட்டர் உயரத்தில் உணரிகளைக் கவனிக்கத் தொடங்கியதும் பழைய குறிப்பைப் பார்த்துப் பொறிகளை அணைத்திருக்கும். கலம் விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் தரையில் மோதியிருக்கும். இது முன்கூட்டித் தெரியாத ஆபத்தும் இல்லை. இத்தகைய பொய்ச் சமிக்ஞையை விலக்க வேண்டும் என்ற எண்ணம் மேல்நிலைத் தேவை ஆவணத்தில் இருந்தது. மென்பொருள் எழுதியவர்கள் கைக்குப் போன ஆவணத்தில் அது வந்து சேரவில்லை. கால்களை விரித்துப் பார்த்த சோதனையின்போதோ உணரிகளின் கம்பி இணைப்பு தவறாக இருந்தது. இணைப்பைத் திருத்திய பிறகு கால் விரியும் சோதனையை மறுபடி செய்யவில்லை.

இவ்வளவு துல்லியமாகச் சொல்லப்பட்டதும் அனுமானமே. பாராசூட் கலத்தின் மேலேயே விழுந்திருக்கலாம், வெப்பக்கவசம் பழுதாகியிருக்கலாம், இறங்கிய இடம் சரிவாக இருந்திருக்கலாம் என்ற சாத்தியங்களையும் குழு விலக்க முடியவில்லை. ஆய்விகள் இரண்டுக்கும் என்ன ஆயிற்று என்பது இன்றளவும் புதிர். இறங்குகட்டச் செய்தியைக் கைவிட்டதை, அந்த ஒரு திட்டத்தின் வரவுசெலவில் வைத்துப் பார்த்தால் நியாயப்படுத்தலாம், செவ்வாய் ஆய்வு முழுவதையும் வைத்துப் பார்த்தால் நியாயப்படுத்தவே முடியாது என்ற பொருளில் குழு எழுதியது. அந்த அறிக்கையில் ஆழமான இடம் இதுதான் என்பது என் கருத்து. கலத்தைக் கட்டுபவர்கள் அதன் வெற்றிக்குப் பொறுப்பு. அதன் தோல்வி அடுத்து வரும் கலங்களின் சொத்து. அந்தச் சொத்துக்காகப் பேச எடை குறைக்கும் கூட்டத்தில் ஆளே இருப்பதில்லை.

பீகிள் 2 இதைக் கசப்பாக மெய்ப்பித்தது. 2003 டிசம்பர் 25 அன்று இறங்க வேண்டிய இந்தப் பிரிட்டிஷ் கலத்திலும் இறங்கும்போது பேசும் வசதி இல்லை. விசாரணைக் குழுவால் ஒரே காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை; பாராசூட்டும் காற்றுப்பைகளும் சந்தேகத்துக்கு உள்ளாயின. 2015 ஜனவரியில் வெளியான நாசா சுற்றுக்கலத்தின் படங்கள் வேறு கதை சொன்னன. பீகிள் தரையில் முழுதாக அமர்ந்திருந்தது. சூரியத் தகடுகளில் குறைந்தது ஒன்று விரியவில்லை, அதனடியில் ஆன்டெனா சிக்கியிருந்தது. பதினோரு ஆண்டுகளாகக் குறைசொல்லப்பட்ட பாகங்கள் குற்றமற்றவை. திட்டத்தை உருவாக்கிய காலின் பில்லிங்கர் இதை அறியாமலே 2014இல் காலமானார்.

இவற்றோடு 2016 அக்டோபர் 19 அன்று மோதி அழிந்த ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லியை ஒப்பிடுக. அது விழுந்துகொண்டே பேசியது. தாய்க்கலம் அதைப் பதிவுசெய்தது; புனே அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. வானொலித் தொலைநோக்கியும் அந்த மெல்லிய சமிக்ஞையைப் பிடித்தது. பாராசூட் விரிந்ததும் கலம் எதிர்பாராத வேகத்தில் சுழன்றாட, சுழற்சியளவி ஏறக்குறைய ஒரு விநாடி தன் உச்ச அளவிலேயே நின்றுவிட்டது. அந்த ஒரு விநாடியை நம்பிய கணினி, கலம் தலைகீழாக இருப்பதாகக் கணக்கிட்டது; உயரம் பூச்சியத்துக்கும் கீழே என்று விடை வந்தது. 3.7 கி.மீ. உயரத்திலேயே பாராசூட்டை விட்டது, பொறிகளை மூன்றே விநாடி இயக்கி அணைத்தது, மணிக்கு ஏறத்தாழ 540 கி.மீ. வேகத்தில் தரையில் மோதியது. கலம் தொலைந்தது, காரணம் தொலையவில்லை. 2017இல் வெளியான அறிக்கை பாராசூட் மாதிரியாக்கத்தின் குறையையும், பொருந்தாத விடையைத் தட்டிக்கேட்காத மென்பொருளையும் வெளிப்படையாகக் குறித்தது.

எடைக்கு என்ன பதில்? பீகிளின் தரையிறங்கிக்கு 33 கிலோ அளவே இடமிருந்தது; அங்கே ஒவ்வொரு கிராமும் ஓர் அறிவியல் கருவியோடு போட்டியிட்டது. இந்த நெருக்கடி மெய்யானது. ஆனால் தாராளமான அலைவரிசை தேவை என்பதில்லை. 2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஒற்றைத் தொனியை அனுப்பின. எந்தப் படியில் குரல் நின்றது என்று தெரிந்தாலே ஊகங்களில் பெரும்பகுதி விலகிவிடும்.

பதிவாகிய தடயம் வெளியே வர வேண்டும் என்பது அடுத்த படி. இங்கே நிலவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு நமக்கு நெருக்கமானது. 2019 செப்டம்பர் 7 அன்று நிலவில் மோதி அழிந்த சந்திரயான்-2இன் தரையிறங்கி விக்ரம் கடைசிக் கட்டம் வரை தகவல் அனுப்பியது. ஆராய்ந்த குழுவின் முழு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. 2023இல் சந்திரயான்-3 வென்றதைக் காட்டி, வெளியிடாமலே கற்க முடிந்ததே என்று கேட்கலாம். இஸ்ரோ கற்றது, ஐயமில்லை: தரையிறங்கும் பரப்பு 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கி.மீ.க்கு 2.5 கி.மீ. ஆக விரிந்தது, கால்கள் வலுப்பட்டன, வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்ந்தது. ஆனால் தன் உணரிகளின் முரணைத் தீர்க்கத் தெரியாமல் விழும் கலங்கள் எல்லா நாட்டிலும் உண்டு; வெளியிடப்படாத பாடம் அவற்றுக்கு உதவாது. 2023 ஏப்ரலில் ஜப்பானின் ஹக்குட்டோ-ஆர் ரேடார் சொன்ன உயரத்தைப் பிழையென ஒதுக்கி, உண்மையில் சுமார் 5 கி.மீ. உயரத்தில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. விக்ரமின் சிதறலை அடையாளம் காட்டிய சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியனும் நாசா பொதுவில் வைத்த படங்களைக் கொண்டே அதைச் செய்தார். காப்பு தேவைப்படும் பகுதிகளை நீக்கிவிட்டு விக்ரம் அறிக்கையை வெளியிட இன்னும் காலம் கடந்துவிடவில்லை. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இந்தியா அடுத்த கலங்களைக் கட்டும் இந்த ஆண்டுகளில் அதைச் செய்ய வேண்டும். அவற்றில் தரையிறங்குபவை எவையாயினும், விழும்போதும் பேசும் கருவி முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.