தரையில் நின்ற நென்மாறா விமானி

1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோயூஸ் டி-11 கலத்தில் விண்வெளிக்குச் சென்றதை நாடறியும். அதே பயிற்சி முழுவதையும் முடித்துவிட்டுத் தரையிலேயே நின்ற ரவீஷ் மல்ஹோத்ராவை அறிந்தோர் சிலரே. 41 ஆண்டுகளுக்குப் பின் அவ்விடத்தில் நின்றவர், பாலக்காடு மாவட்டம் நென்மாறாவைச் சேர்ந்த குரூப் கேப்டன் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர்.

1976இல் பிறந்த அவர், 1998 டிசம்பர் 19 அன்று இந்திய விமானப்படையின் போர்விமானப் பிரிவில் அதிகாரியானார். விமானப்படைக் கல்விக்கழகத்தில் கௌரவ வாள் பெற்றவர். சுகோய்-30, மிக்-21, மிக்-29 முதலியவற்றில் ஏறத்தாழ 3,000 மணிநேரம் பறந்த சோதனை விமானி. அவர் தாம்பரத்திலும் குன்னூரை அடுத்த வெலிங்டனிலும் பயின்றவர் என்பதைத் தமிழ்நாட்டுச் செய்திகள் போதிய அளவு கவனிக்கவில்லை.

ககன்யானுக்குத் தேர்வான நால்வருள் ஒருவராக அவர் பெயர் 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டது. ரஷ்யப் பயிற்சி அதற்கு முன்பே முடிந்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், ஆக்சியம்-4 பயணத்துக்குச் சுபான்ஷு சுக்லா முதன்மை வீரராகவும், அவரினும் ஒன்பது வயது மூத்த பிரசாந்த் மாற்று வீரராகவும் குறிக்கப்பட்டனர்.

‘மாற்று’ என்னும் சொல் ஏமாற்றுவது. இரண்டாம் தரத்தை அது நினைவூட்டுகிறது. ஆனால் மாற்று வீரரும் பயணத்துக்கான பயிற்சியை முடித்திருக்க வேண்டும், முதன்மை வீரர் நோயுற்றால் அவ்விருக்கையில் அமரும் நிலையில் இருக்க வேண்டும்.

2025 ஜூன் 25 அன்று சுக்லா புறப்பட்டார். பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்ற முதல் இந்தியர் என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது. பிரசாந்தின் பெயர் ககன்யான் பட்டியலில் நிற்கிறது.