'ட்ரான்ஸிற்': இரு அணியான வாசகர்

தொலைக்காட்சித் தொடரை ஒட்டி எழுதப்படும் நாவலை இலக்கியமாக மதிப்போர் சிலரே. எனினும், அத்தகைய நாவலொன்று தன் வாசகரையே இரு அணியாக்கிய வரலாறு உண்டு.

பி.பி.சி.யின் 'டொக்டர் ஹூ' விஞ்ஞானப் புனைகதைத் தொடர் 1963இல் ஆரம்பித்து 1989இல் நின்றது. 1991இல் வேர்ஜின் பதிப்பகம் அதே நாயகனைக் கொண்டு புதிய நாவல்களை வெளியிடலாயிற்று. 1992இல் வந்தது பென் ஆரனோவிச்சின் 'ட்ரான்ஸிற்'. முன்னர் அத்தொடருக்கே கதைவசனம் எழுதியவர் இவர்.

கிரகங்களை இணைக்கும் சுரங்க ரயில் போன்றதொரு வலை. வேற்று நட்சத்திரமொன்றுக்குப் புதுப்பாதை திறக்கையில் அதன்வழி நாசம் நுழைகிறது. இடையே சேரி வாழ்க்கை, உடலை விற்கும் பெண், கொச்சைப் பேச்சு. நாயகனோ பல பக்கங்களில் ஓரமாகி விடுகிறான்.

சிறுவயதில் இத்தொடரின் மெல்லிய கதைநூல்களைப் படித்து வளர்ந்த பலர் கொதித்தெழுந்தனர். பிள்ளைகளின் நாயகனுக்கு இந்தச் சூழலா என்பது அவர்கள் கேள்வி. மற்றவர்களோ, நாங்கள் வளர்ந்துவிட்டோம், கதையும் வளரட்டுமே என்றனர்.

என் மனம் பின்னவர் பக்கமே. வசைச்சொல் பற்றிய கூச்சல் மேலோட்டமானது. காட்சிகள் விளக்கமின்றித் தாவுவதால் வாசகர் தடுமாறுகிறார் என்ற முறைப்பாடுதான் கனமானது. அதை நான் மறுக்கமாட்டேன்.

அந்த வரிசையில் 1996இல் ஒரு நாவல் எழுதிய ரஸல் ரி. டேவிஸ்தான் 2005இல் தொடரை மீட்டெடுத்தார். அதே வரிசையில் போல் கோர்னெல் 1995இல் எழுதிய 'ஹியூமன் நேச்சர்' 2007இல் தொலைக்காட்சிக்கே வந்தது. 'ட்ரான்ஸிற்' மட்டும் இன்னும் புத்தகமாகவே இருக்கிறது.