பாகப்பிரிவினை: ஊனமுற்ற தந்தையும் பங்கிட முடியாத பாசமும்

குடும்பத்தின் உள்ளியல்பு அதன் சொத்தினைப் பங்கிடுங்காலையே முழுமையாக வெளிப்படும் என்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டார் இதனை நன்கறிந்தவர். காணி எல்லை, வேலி, கிணற்றுப் பங்கு என்பன அங்கு உடைமையின் அடையாளங்களாக மட்டுமன்றி உறவின் அளவுகோல்களாகவும் விளங்கி வந்துள்ளன. ஒல்லாந்த ஆள்பதி சைமன்ஸின் பணிப்பின்படி கிளாஸ் ஐசாக்ஸ் 1706 இல் தொகுத்து, பன்னிரண்டு முதலிமாரின் ஆய்வுக்கு உட்படுத்தப்பெற்ற தேசவழமை, முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனச் சொத்தினை வகுத்துரைக்கின்றது. பெற்றோர் உயிருடன் இருக்குங்காலை ஆண்மக்கள் பங்கு கோருதல் இயலாது என்பதும், மணமாகுமுன் அவர்கள் ஈட்டிய பொருள் பொதுச் சொத்தைச் சேர வேண்டும் என்பதும் அத்தொகுப்பிற் காணப்படும் விதிகள். 1911 ஆம் ஆண்டின் சட்டம் மரபுரிமை விதிகளைப் பெரிதும் மாற்றியபோதும், உழைத்தவனே பங்குக்கு உரியவன் என்னும் உணர்வு எளிதில் மறையக்கூடியதன்று. அவ்வாறாயின், உழைக்க இயலாதவன் எனப் பிறராற் கருதப்படுவோனின் நிலை யாது? இவ்வினாவை மக்கள் முன் வைத்த தமிழ்த் திரைப்படம் ‘பாகப்பிரிவினை’.

ஜி.என். வேலுமணியின் தயாரிப்பில், ஏ. பீம்சிங்கின் நெறியாள்கையில் 1959 இல் இப்படம் வெளிவந்தது. இலங்கையின் முதற் தமிழ்ப் படம் எனப்படும் ‘சமுதாயம்’ 1962 இலேயே தோன்றிற்று. ஆகவே அக்காலை வின்ஸர், வெலிங்டன் முதலிய யாழ்ப்பாண அரங்குகளை நாடிய தமிழ் மக்கள், தம் குடும்பச் சிக்கல்களைத் தென்னிந்தியப் படங்களினூடாகவே திரையிற் காண வேண்டியிருந்தது. தஞ்சை வயலும் வலிகாமத்துத் தோட்டமும் வேறெனினும், அண்ணன் தம்பியர் வீட்டுக்கு நடுவே எழும் சுவரின் பொருளை உணர்தற்கு யாழ்ப்பாணத்தார்க்கு உரையாசிரியர் எவரும் வேண்டியதில்லை.

சிவாஜி கணேசன் நடித்த கண்ணையன், இளமையில் மின்சாரம் தாக்கியதனால் இடக்கையும் காலும் செயலிழந்தவன். ஆயினும் கூட்டுக் குடும்பத்தின் உழைப்பில் அவன் பின்னின்றவனல்லன். பொன்னி என்பாள் (பி. சரோஜாதேவி) அவனை மணந்து குழந்தையொன்றை ஈன்றெடுக்கிறாள். எம்.ஆர். ராதா நடித்த சிங்காரத்தின் சூழ்ச்சியாற் குடும்பம் பிளவுறுகிறது. வீட்டின் நடுவே சுவர் எழுகிறது. தன் குழந்தையை நோக்கிக் கண்ணையன் பாடும் தாலாட்டு, கண்ணதாசன் இயற்றி டி.எம். சௌந்தரராஜன் பாடியது. தாய்க்கு உரியதெனக் கருதப்பட்ட தாலாட்டு இங்கு உடற்குறையுற்ற தந்தையின் வாயினின்று எழுகின்றது. தன் குறையையும் மகனின் வருங்காலத்தையும் ஒருசேர எண்ணும் அவ்வுள்ளத்திற் பாசமும் அச்சமும் பிரிக்கவொண்ணாதவாறு கலந்துள்ளன. ஒரு கையே இயங்கும் தந்தையின் அரவணைப்பில் எக்குறையும் இல்லை என்பதே அக்காட்சி உணர்த்தும் உண்மை.

எனினும், படத்தின் முடிவு இவ்வுண்மைக்கு முரணாக அமைந்துள்ளது. யானை வித்தைக்காகக் கவரப்பட்ட தன் குழந்தையை மீட்கச் செல்லும் கண்ணையனை மின்சாரம் மீண்டும் தாக்க, செயலிழந்த உறுப்புகள் இயங்கத் தொடங்குகின்றன. பிரிந்த குடும்பமும் கூடுகிறது. இது மருத்துவ உண்மையன்று, நாடக மரபு. நல்லவன் துன்பத்தினின்று விடுபட்டே தீரவேண்டும் என்னும் சுவைஞரின் விருப்பத்துக்குப் படம் இணங்கிற்று. இதனாற் குழந்தையைக் காக்கத் துணிந்த அன்பைக் காட்டிலும், குணமடைந்த கையே பரிசாக முன்னிற்கின்றது. ஊனத்தோடே ஒருவன் முழுமையான தந்தையாக இருத்தல் கூடும் என்று இறுதிவரை கூறும் துணிவு படத்துக்கு இல்லாது போயிற்று. இதே கதையைப் பீம்சிங் 1965 இல் ‘கான்தான்’ என இந்தியில் எடுத்தார். இடையே, 1962 இல் அவர் நெறிப்படுத்திய ‘பார்த்தால் பசி தீரும்’ படத்திற் போரிற் காலூனமுற்ற வீரனொருவன் நண்பனின் மனைவியையும் மகனையும் தாங்கி நிற்கின்றான் என்பதும் நோக்கற்பாலது.

திரையிற் கண்ட போரின் ஊனம் பின்னர்க் குடாநாட்டின் அன்றாட வாழ்வாயிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரினாலும் நிலக்கண்ணிவெடிகளாலும் கைகால் இழந்தோர் பலர். அவர்களுட் பிள்ளைகளைப் பெற்றோரும் உளர். 1987 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பெற்ற ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் அத்தகையோர்க்குப் பெருந்துணையாயிற்று. இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1968 அளவில் உருவாக்கப்பட்ட இக்கால், பாதணியின்றி நடத்தற்கும், நிலத்திற் குந்தியிருத்தற்கும், ஈரவயலில் இறங்குதற்கும் இடந்தருவது. கமக்காரனொருவன் மீளவும் தோட்டத்துக்குச் செல்ல அது வழிசெய்தது. ஆயின் இழந்த காலை அது மீட்டுத் தரவில்லை. இலங்கை அரசு நிலக்கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது 2017 இலேயே ஆகும்.

இத்தந்தையர்க்குக் கண்ணையனின் இறுதிக் காட்சி வாய்க்கப்போவதில்லை. எந்த மின்சாரமும் அவர்தம் உறுப்புகளைத் திருப்பித் தராது. அவர்களுக்கு உரியது அத்தாலாட்டுக் காட்சியே. ஆகவே அவர்களை முன்னிறுத்தி நோக்குமிடத்து, ‘பாகப்பிரிவினை’யின் நிலைத்த பெறுமதி அதன் முடிவில் இல்லை, குறையுற்ற கையால் குழந்தையை அணைத்த தந்தையை இரக்கத்துக்குரியவனாக அன்றிக் குடும்பத்தின் தூணாகக் காட்டிய இடைப்பகுதியிலேயே உள்ளது. முதுசத்தைப் பங்கிடச் சட்டம் உண்டு; தந்தையின் பாசத்தைப் பங்கிடவோ, அவன் உடலின் குறைவு நிறைவு கொண்டு அளக்கவோ எவ்வழமையும் இல்லை. உடற்குறையுற்ற தந்தையர்க்குத் தொழிலும், பொது இடங்களிற் செல்லும் வசதியும், சபையில் மதிப்பும் அளித்தல் சமூகத்தின் கடன். படம் அற்புதத்திடம் விட்டுச்சென்ற அப்பொறுப்பினை மனிதர் ஏற்றாக வேண்டும்.