சஞ்சார விளையாட்டின் சரித்திரம்

கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக இறங்கி விலைபேசப்படும் வடுகபட்டிச் சந்தையை அறியாத பூண்டு வியாபாரி தமிழ்நாட்டில் அபூர்வம்; ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை எவரும் பொருட்படுத்தி எழுதியதில்லை. பெரியகுளத்துக்கு அப்பால், மலையடிவாரத்துக் கும்பக்கரையில், நீர் பாறையைக் குடைந்து உண்டாக்கிய ஆழங்களுக்கு யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று ஜனங்கள் பெயரிட்டிருக்கிறார்கள். எங்கே குளிக்கலாம், எங்கே குதித்தால் மீள முடியாது என்பதைப் பெரியவர்கள் வாய்வழியாகவும் தம் கால்வழியாகவும் கற்றே அங்கே சஞ்சரித்தன பல தலைமுறைகள்.

இதே சஞ்சார ஆசைதான் பிற்காலத்தில் கணினித் திரைக்குள்ளும் புகுந்தது. 1984-இல் டேவிட் பிராபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘எலீட்’ என்னும் விளையாட்டில், 32 கிலோபைட் நினைவகமே கொண்ட ஒரு கணினிக்குள், மண்டலத்துக்கு 256 கிரகங்களாக எட்டு நட்சத்திர மண்டலங்களை வெறும் கணிதத்தாலேயே சிருஷ்டித்து, இன்ன திசையில்தான் போகவேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லாமல் விளையாடுகிறவனை அதில் விட்டுவிட்டார்கள். இரண்டு வருஷங்களுக்குப் பின் வந்த ‘செல்டா’வோ, அதை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ ஜப்பானிய கிராமப்புறத்தில் காடும் குகையும் தேடித் திரிந்த பால்யத்திலிருந்து பிறந்தது.

நம் சிற்றூர்களுக்கு இவ்வகை விளையாட்டு வந்து சேர்ந்தது பிரவுசிங் சென்டர் வழியாக. பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, ஒரே நாற்காலியில் இருவராக நெருக்கி உட்கார்ந்து, 2002-இல் வெளியான ‘வைஸ் சிட்டி’யைப் பையன்கள் ஆடினார்கள். ஆட்டத்தில் குறுக்குவழி தரும் சீட் கோடுகள் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. மயாமியைப் பார்த்துச் சமைத்த அந்த நகரத்தில் போகும் வழியைக் கோடு போட்டுக் காட்டும் வசதி இல்லை. ஆகையால் மதுரையைக்கூடச் சரிவர அறியாத பிள்ளைகளுக்கு அதன் பாலங்களும் கடற்கரைச் சாலையும் மனப்பாடமாயின. அந்த ஞானத்தை நான் அற்பமென்று கருதவில்லை.

சலிப்பு பிறகுதான் வந்தது. 2007-இல் ‘அசாசின்ஸ் கிரீட்’ கோபுரமேறிப் பார்த்தால் வரைபடம் முழுதும் குறிகள் முளைக்கும் முறையைக் கொண்டுவந்தது. மறு வருஷம், ‘வைஸ் சிட்டி’ இடம்பெற்ற ‘ஜி.டி.ஏ.’ வரிசையின் நான்காம் பாகம் செல்லும் பாதையையே கோடிட்டுக் காட்டிற்று. நிலம் மேலும் மேலும் விஸ்தாரமாயிற்று. ஆனால் அதில் தேடுவதற்கு ஏதுமில்லாமல், குறிக்குக் குறி சென்று கணக்குத் தீர்க்கும் குமாஸ்தா வேலையாக விளையாட்டு சுருங்கிவிட்டது. இதற்கிடையே 2016-க்குப் பின் மலிந்த டேட்டாவும், 2018-இல் வந்த ‘பப்ஜி மொபைல்’ விளையாட்டும் பிள்ளைகளைக் கைபேசிக்கு இழுத்தன. அங்கேயும் பரந்த நிலம் உண்டு. எனினும் நிமிஷந்தோறும் குறுகிவரும் வட்டத்துக்குள் உயிர் தப்பி ஓடுகிறவனுக்குச் சாவகாசமாகச் சுற்றித் திரிய ஏது அவகாசம்?

இழந்த உற்சாகத்தை மீட்டது 2017-இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’. அதில் கோபுரமேறினால் மலையும் நதியும் மட்டுமே வரைபடத்தில் தெரியும். எது பார்க்கத்தக்கது என்பதைக் கண்ணால் கண்டு தானே குறியிட்டுக்கொள்ள வேண்டும். 2022-இன் ‘எல்டன் ரிங்’ விளையாட்டும் அவ்வாறே வழிகாட்டுதலைக் குறைத்து உலகெங்கும் பெரும் வெற்றி கண்டது. மேலே போகலாமா, கூடாதா என்று பாறை விளிம்பில் நின்று தானே தீர்மானிக்கிறவனுக்குத்தான் நிலம் வசப்படும் என்பதைக் கும்பக்கரைப் பிள்ளைகளுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஆயினும் ஒரு குறை என்னை உறுத்துகிறது. இந்தப் புதிய நிலங்களில் நுழைய விலையுயர்ந்த தனிக் கருவியோ, சக்திவாய்ந்த கணினியோ வேண்டும். சில்லறைக் காசுக்கு ஒரு நகரத்தையே திறந்துவிட்ட பிரவுசிங் சென்டர்களில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. எஞ்சியவை ஆன்லைன் விண்ணப்பமும் ஜெராக்ஸும் போட்டுத்தரும் கடைகளாகிவிட்டன.