72 மணி நேரச் சூடு

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆனால் தாய்க்கோழி இல்லாத இடத்தில் குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். அமெரிக்காவில் நூறாண்டுகளுக்கும் மேலாக உயிருள்ள கோழிக்குஞ்சுகள் தபாலில் போய்வருகின்றன. அந்தப் பெட்டியை வடிவமைத்தவர்கள் முதலில் கற்க வேண்டியிருந்த பாடம் இதுதான்.

அடைகாப்பின் 21 நாள் முடியும் தறுவாயில், மிஞ்சிய மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அது இயற்கை கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு. ஓர் அடையில் எல்லா முட்டைகளும் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. பிந்திய முட்டைகள் பொரியும்வரை தாய் எழுந்திருக்காது. முந்தி வந்த குஞ்சு இரையில்லாமல் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு நேரத்தைத்தான் வணிகர்கள் பயண நேரமாக மாற்றினார்கள்.

கலிபோர்னியாவின் பெட்டலூமா நகரில் லைமன் பைஸ் 1879இல் செயற்கை அடைகாப்புப் பெட்டியை உருவாக்கினார். இத்தகைய கருவிகளால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பொரிக்க முடிந்தது. 1892இல் நியூ ஜெர்சியின் ஸ்டாக்டனிலிருந்து ஜோசப் வில்சன் குஞ்சுகளை ரயிலில் சிகாகோவுக்கு அனுப்பினார். 1913இல் அமெரிக்க அஞ்சல் துறை பார்சல் சேவையைத் தொடங்கியது. 1918இல் ஒரு நாள் குஞ்சுகளையும் ஏற்றுக்கொண்டது.

பசிக்கு மஞ்சள் கரு உண்டு. குளிருக்கு? பிறந்த குஞ்சின் மேல் இருப்பது வெறும் தூவி. தன் உடற்சூட்டைத் தானே காக்க அதற்குத் தெரியாது; சுற்றிலும் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். தபால் பெட்டியில் அடுப்பும் இல்லை, விளக்கும் இல்லை. பயணிகளே அடுப்பு. அட்டைப்பெட்டியை நான்கு அறைகளாகத் தடுத்து, அறைக்கு 25 என 100 குஞ்சுகளை வைத்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் குளிரில் விறைக்கும். தடுப்பில்லாமல் நூறையும் ஒன்றாக விட்டால், சூடு தேடி ஒரு மூலையில் குவிந்து, அடியில் சிக்கியவை மூச்சுத் திணறும். பொரிந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உரியவர் கையில் சேர வேண்டும் என்பது அஞ்சல் விதி.

சூட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. பிறந்த அன்றே குஞ்சின் பாலை அறியும் முறையை ஜப்பானியர் கண்டறிந்தார்கள். 1930களில் அது அமெரிக்காவுக்கு வந்தது. அதன்பின் முட்டைப் பண்ணையாளர்கள் பெட்டையை மட்டும் கேட்டு வாங்கினார்கள். வேண்டாத சேவல் குஞ்சுகளில் பெரும்பாலானவை பிறந்த அன்றே கொல்லப்பட்டன. சிலவற்றைச் சிறிய ஆர்டர்களில் சூட்டுக்காகக் கூடுதலாகப் போட்டு அனுப்பினார்கள். உடையும் பொருளைச் சுற்றி வைக்கோல் திணிப்பதுபோல, உயிரைச் சுற்றி உயிர். பெட்டியைத் திறந்து எண்ணியவர்களுக்குக் கணக்கு மிகுந்தது.

இந்த ஏற்பாடு முழுவதும் நின்றது யாரோ ஒருவருடைய விழிப்பில்தான். பெட்டி வந்ததும் விடியற்காலையிலேயே உரியவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வது கிராமத்து அஞ்சலகங்களில் பலகால வழக்கம். அந்த விழிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை 2025 வசந்த காலத்தில் டெலவேர் மாநிலத்தில் பார்த்தோம். ஓர் அஞ்சல் மையத்தில், லாரி ஒன்றுக்குள் சுமார் 12,000 குஞ்சுகள் மூன்று நாள் கிடந்தன. இரையில்லை, தண்ணீரில்லை, வெப்பக் கட்டுப்பாடும் இல்லை. ஆயிரக்கணக்கில் இறந்துபோயின. மீந்தவற்றை ஒரு விலங்குக் காப்பகம் ஏற்றுக்கொண்டு வளர்க்க ஆள் தேடியது.

1918இன் பெட்டிக்கும் இன்றைய பெட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மஞ்சள் கருவும் அதே அளவுதான். அது தரும் அவகாசத்தை மனிதர்கள் மதித்தவரை குஞ்சுகள் பிழைத்தன. தாயின் இறகை அட்டைப்பெட்டியால் ஈடுசெய்துவிட்டோம் என்று நினைத்தோம். உண்மையில் ஈடுசெய்தது, நேரத்துக்கு வந்து பெட்டியைத் தூக்கிய கைகள்.